டிரையருக்கு வைத்த பொரி

எங்கள் வீட்டுத் துவைக்கும் மிஷினில் இரண்டு தொட்டிகள். அகலமான தொட்டி துவைக்கும். பக்கத்தில் இருக்கும் ஒடுக்கமான தொட்டி, துவைத்த துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும். அந்த ஒடுக்கமான தொட்டிக்குத்தான் எங்கள் தெருவில் டிரையர் என்று பெயர். துணி அதில் முழுசாகக் காய்ந்துவிடாது, ஆனால் சொட்டாது. எடுத்து வீட்டுக்குள் கொடியில் போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும்.

அரியலூரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் வீடு லாரி போகும் சாலையில் இருக்கிறது. சொட்டச் சொட்ட ஒரு வேட்டியை மாடியில் போட்டால், அது காய்வதற்குள் சுண்ணாம்புத் தூள் ஒட்டி அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். இதைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியாது. நான் வேலை பார்ப்பதே சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளை எடை போடும் மேடையில். காலையில் நான் எடை போட்டு அனுப்பிய லாரிதான் மத்தியானம் என் வேட்டியின் மேல் புழுதி அடித்துவிட்டுப் போகிறது. "உங்க ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க" என்று என் மனைவி துணியை உதறிக் காட்டுவாள். அதனால்தான் பிடிவாதம் பிடித்து அந்த மிஷினை வாங்கினாள். வந்த நாளிலிருந்து அது அவளுடையது. நான் அதன் மூடியைக்கூடத் திறந்தது கிடையாது. அழுக்குத் துணியைக் கூடையில் போடுவதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன் வைகாசியில் அவளுக்கு வலது மார்பில் கட்டி என்று கண்டுபிடித்து, திருச்சியில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் வார்டு சிஸ்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். வலது கையால் வாளி தூக்கக் கூடாது, அந்தக் கையில் ஊசி போடவிடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி பிழியவே கூடாது என்றார். காற்றில் இரண்டு கையாலும் ஒரு துணியைப் பிழிவது போல முறுக்கிக் காட்டினார். கை ஒருமுறை வீங்கிவிட்டால் லேசில் இறங்காது, ஆயுசு முழுக்கக் கூடவே வந்தாலும் வரும் என்றார்.

நான் சிஸ்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ, ஆபரேஷன் ஆனதிலிருந்து முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்த முகத்தோடு, "வூட்ல டிரையர் இருக்குங்க சிஸ்டர்" என்றாள். என்னவோ வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா. அவருக்கும் அதே நோய், அதே ஆபரேஷன். அவருடைய கணவர் இருபது வருடம் வளைகுடாவில் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து ஒரு சின்ன ஃபேன்சி கடை வைத்திருப்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வார்டில் இரண்டாம் நாளே என் மனைவியைத் தங்கச்சி என்றார். அந்த உரிமையில் என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அவரை பாய் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நான் அப்படிச் சட்டென்று யாரோடும் ஒட்டுகிறவன் இல்லை. அவர் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. சிஸ்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னிடம் திரும்பி, அந்த மிஷினைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. அதுதான் எங்களைப் பார்த்துக்கொண்டது. அடுத்து வந்த மாதங்கள் முழுக்க, மருந்து ஏற்றிக்கொண்டு வந்து துவண்டு கிடந்த நாட்களிலும், கொஞ்சம் எழுந்து நடமாட முடிந்தால் அவள் முதலில் போய் நிற்பது மிஷினிடம்தான். இடது கையால் ஒவ்வொரு துணியாக எடுத்து டிரையரில் போட்டு, உள்மூடியை அமுக்கி, மேல்மூடியைச் சாத்தி, நேரம் வைக்கும் திருகைத் திருப்புவாள். உர்ரென்று அது சுற்றும். மேலே கையை வைத்துக்கொண்டு நிற்பாள். சமையலுக்கு அவளுடைய அக்கா வந்து இருந்தார், மகள் சென்னையிலிருந்து வந்து வந்து போனாள், நானும் ஏதோ செய்தேன். வீட்டில் எல்லாக் காரியத்துக்கும் யாரையாவது எதிர்பார்த்திருந்தவள், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அந்த மிஷினின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

மரியாதையால்தான் வினையும் வந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். வழக்கமாக என் வண்டிக்கும், திருப்புளி, ஸ்பேனர் இருக்கும் தகரப் பெட்டிக்கும், அரிவாள்மனைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் பொரி கடலை படைப்போம். மிஷினுக்கு ஒரு பொட்டு வைப்பதோடு சரி. அந்த வருடம் அதற்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லிவிட்டேன். நன்றாகத் துடைத்து, முன்பக்கம் மூன்று பட்டையாகச் சந்தனம் பூசி, கதம்பம் சாத்தி, டிரையர் மூடியின் மேலேயே வாழை இலையைப் போட்டு, பொரியும் கடலையும் வெல்லமும் சுண்டலும் குவித்துப் படைத்தேன். கற்பூரம் காட்டும்போது கண் கலங்கியது. அதை மறைக்க மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.

பூஜை முடிந்ததும் அவள், இலையை எடுத்துவிடலாம், மிஷின் மேல் பொரி கிடந்தால் எலி வரும் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக் கூடாது. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு. இது அவளுக்குத் தெரியாதா? வண்டியையே தொடாமல் நடந்து போய்ப் பால் வாங்கி வந்தவன் நான். சாமிக்கு வைத்ததில் எலி எங்கே வந்தது என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். முப்பது வருடத்தில், என் கத்தலுக்கு எங்கே பதில் சொல்லவேண்டும், எங்கே விட்டுவிடவேண்டும் என்பதை அவள் நன்றாகக் கற்றுவைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் பொரிக் குவியல் பாதியாகத் தணிந்திருந்தது. இலையின் ஓரம் கிழிந்திருந்தது. மூடிக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் கொஞ்சம் பொரி சிதறிக் கிடந்தது. சாமி சாப்பிட்டுவிட்டது என்று சொல்லி, கற்பூரம் காட்டி, இலையை எடுத்துப் போட்டேன். இடுக்கில் கிடந்ததை ஊதிவிட்டேன். அது உள்ளே போனது.

ஐந்தாறு நாள் கழித்து டிரையர் நின்றுவிட்டது. துவைக்கும் பக்கம் ஓடியது; இந்தப் பக்கம் திருகைத் திருப்பினால் டிக் டிக் என்று நேரம் மட்டும் ஓடியது, தொட்டி அசையவில்லை. ஐப்பசி மழையும் அன்றுதான் பிடித்துக்கொண்டது. சாலைப் புழுதியெல்லாம் சேறாகி, லாரி போகும் ஒவ்வொரு தடவையும் சுற்றுச்சுவரில் அறைந்தது. வீட்டுக்குள் கொடியில் துணி தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கியது. கீழே வாளிகளை வைத்தோம். மூன்றாம் நாளும் ஈரமாகவே இருந்த துணிகளில் ஊசிப்போன வாடை வந்தது.

பெரம்பலூரில் ஒரு சர்வீஸ்காரர் இருந்தார். போன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாள் செய்தேன், மழை விட்டதும் வருகிறேன் என்றார். மூன்றாம் நாள் செட்டிகுளம் பக்கம் ஒரு வேலையில் இருப்பதாகவும் அப்படியே வந்துவிடுவதாகவும் சொன்னார். நான்காம் நாள் அவர் போனையே எடுக்கவில்லை. மழைக்காலத்தில் எல்லார் வீட்டிலும் மிஷின் நிற்கும், பாவம், அவரும் ஒற்றை ஆள். இதை இப்போது சொல்கிறேன். அப்போது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு புது மிஷின் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எடை மேடையில் ஒரு லாரி டிரைவர், டிரையர் சுற்றவில்லை என்றால் கெபாசிட்டர் போயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்றார். மார்க்கெட் பக்கம் எலெக்ட்ரிகல் கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தேன். அதை எங்கே மாட்டுவது, எப்படித் திறப்பது என்று எதுவும் தெரியாது. ஆனாலும் வாங்கிவிட்டதிலேயே பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி.

அதற்குள் துணி பிழியும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் முன் ஒரு வாளி, வந்த பிறகு ஒரு வாளி. என் கை மரம் மாதிரி இருக்கும். ஆனால் பிழிவதற்குப் பலம் மட்டும் போதாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் முறுக்கிய போர்வை, முறுக்கை விட்டதும் பழையபடி சொட்டியது. தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து இடுப்பு வேட்டி நனைந்தது. ஒரு கைலியைக் கிழித்தே விட்டேன். இத்தனை வருடம் இதை அவள் செய்துகொண்டிருந்தாளா என்று நினைத்தேன். நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலை, பின்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு எழுந்து போனேன். குழாயடியில் அவள் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். தன்னுடைய உள்பாவாடையைக் குழாயில் சுற்றி மாட்டி, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால்தான் முறுக்கினாள். ஆனால் கடைசிச் சுற்றில் வலது கை தானாக வந்து சேர்ந்துகொண்டது. முப்பது வருடப் பழக்கம், கூப்பிடாமலே வந்துவிட்டது.

நான் போய்ப் பிடுங்கினேன். அப்போதுதான் கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் கண்ணாடி வளையல்கள் நகராமல் பதிந்து நின்றன. விரலில் மோதிரத்துக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று நாளாக என்றாள். அவளுடைய துணிகளை மட்டும் கூடையில் போடாமல் தனியாக எடுத்து வைத்து, நான் எழுவதற்கு முன் அலசிப் பிழிந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் பிழிந்த வாளியில் அவளுடைய துணி ஒன்றுகூட இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். சிஸ்டர் சொன்னதெல்லாம் மறந்துபோச்சா, நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"என் துணிய நீங்க புழிஞ்சு போடுறது எனக்கு ஒரு மாதிரியா இருக்குங்க. இந்த ஆறு மாசமா ஒடம்பு பூரா யார் யாரோ பாத்தாச்சு, தொட்டாச்சு. இது ஒண்ணாச்சும் என் கையோட இருக்கட்டும்னு பாத்தேன். டிரையரா இருந்தா யாரையும் கேக்க வேணாம் பாருங்க."

சோப்பு நுரை போட்டு மோதிரத்தை மெதுவாகக் கழற்றினேன். வளையல்களை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலையணை வைத்து, கையை உயரமாகத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னேன். பிறகு மிஷினுக்கு முன்னால் போய் நின்றேன். முன்பக்கம் நான் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு லப்பைக்குடிக்காட்டு பாய் போன் செய்தார். அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் திருச்சியில் ஒரே நாளில் பரிசோதனை. சேர்ந்தே போகலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டார். தங்கச்சி கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டார். நான் வீம்புக்காரன், யாரிடமும் போய் நிற்க மாட்டேன். ஆனால் அன்று காலை எனக்குள் ஏதோ இளகியிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குழாயடியில் நான் பார்த்தது வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. திருகைத் திருப்பும்போது மோட்டாரிலிருந்து ஏதாவது இரைச்சல் வருகிறதா என்று கேட்டார். இல்லை, ஒரு சத்தமும் இல்லை என்றேன். அப்படியானால் கெபாசிட்டர் இல்லை என்றார். கெபாசிட்டர் போயிருந்தால் மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும். சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. ஒன்று மூடிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச், இல்லாவிட்டால் ஒயர். நான் மேசை மேல் இருந்த புது கெபாசிட்டரைப் பார்த்தேன். அதைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

"வீடியோ கால்ல வாங்க மாப்ள. நாமளே தெறந்து பாத்துருவம்" என்றார். கடையில் வியாபாரம் இருக்குமே என்றேன். கடைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் நிற்பார்கள் என்றார்.

போனை ஒரு குவளைக்குள் சாய்த்து வைத்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினால் மட்டும் போதாது, பிளக்கைக் கண்ணுக்குத் தெரியும்படி மிஷினின் மேலே எடுத்து வைக்கச் சொன்னார். வேலைக்கு நடுவில் யாரும் தெரியாமல் செருகிவிட முடியாது. கெபாசிட்டர் பக்கம் கையே கொண்டு போகக் கூடாது, பிளக்கைப் பிடுங்கினாலும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்றார். பிறகு மிஷினை முன்னால் இழுத்து, பின்பக்கத் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றச் சொன்னார். எட்டு ஸ்க்ரூ. எங்கள் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு ஏறி எட்டும் துரு பிடித்து இறுகியிருந்தன. தையல் மிஷின் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். ஒன்றின் தலை மழுங்கிப் போனது. அதை இன்று வரைக்கும் கழற்ற முடியவில்லை. தகட்டை அந்த மூலையில் வளைத்துத்தான் திறந்தேன்.

அவள் எழுந்து வந்து நின்றாள். படுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. இடது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வெளிச்சம் காட்டினாள். நான் முகத்தை உள்ளே விட்டேன். கெட்ட நாற்றம். அடியில், மோட்டார் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கிழித்த துணியும் காகிதமும் சேர்த்து ஒரு கூடு. கூட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ஏதோ சிதறியிருந்தது. சுண்ணாம்புத் தூளாக இருக்கும் என்று நினைத்தேன். டார்ச் வெளிச்சம் அதன் மேல் போய் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"பொரி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான். சொல்லிக் காட்டவில்லை, அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கிடையாது. டார்ச்சை மட்டும் கொஞ்சம் நகர்த்தினாள். மோட்டாரிலிருந்து மேலே போகும் மூன்று ஒயர்களில் ஒன்று முழுசாக அறுந்து தொங்கியது. இன்னொன்றின் மேல்தோல் கடிபட்டுச் செம்பு தெரிந்தது.

குவளைக்குள்ளிருந்து பாய் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அசடு வழிந்தது. எலி என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அவள் போனின் பக்கம் குனிந்து, "உங்க மாப்ளதாங்கண்ணே எலிக்குப் படையல் போட்டாரு" என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பாய் சிரித்தார்; கடையில் சாமான் வாங்க நின்றவர்களும் சிரித்தது கேட்டது. அவளும் சிரித்தாள். வைகாசிக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. அதற்காக இன்னும் நாலு பேரிடம் அசடு வழியவும் நான் தயாராக இருந்தேன்.

கூட்டைக் குச்சியால் இழுத்து வெளியே தள்ளினேன். நல்லவேளை, குட்டி எதுவும் இல்லை; எலியும் எங்கேயோ போயிருந்தது. பிளேடால் ஒயரின் நுனியைச் சீவச் சொன்னார் பாய். செம்பைச் சீவிவிடாமல் தோலை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு தடவை செம்போடு வெட்டிவிட்டேன். அவசரப்படக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். மூன்றாம் தடவை வந்தது. ஆனால் இரண்டு நுனியையும் சேர்க்கிற இடம் ஒரு இடுக்கு; என் விரல்கள் உள்ளே போகவில்லை. நான் திட்டிக்கொண்டே முட்டிமோதினேன். அவள் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, இடது கையை மெல்ல உள்ளே விட்டு, கீழே தொங்கிய நுனியைப் பிடித்து வெளியே இழுத்துக் கொடுத்தாள். அவள் பிடித்துக்கொள்ள, நான் இரண்டையும் சேர்த்தேன். டியூப் லைட் மாட்டியபோது மிஞ்சிய கனெக்டர் ஒன்று தகரப் பெட்டியில் கிடந்தது. அதில் இரண்டு நுனியையும் செருகி முடுக்கி, மேலே டேப் சுற்றினேன். கடிபட்ட ஒயருக்கும் தனியாகச் சுற்றினேன். சுற்றுகிற எதிலும் உரசாமல், தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து உயரத் தூக்கிக் கட்டச் சொன்னார் பாய். கட்டினேன்.

தகட்டை மூடும் முன், அடிப்பக்கம் திறந்தே கிடப்பதைப் போனில் காட்டினேன். எலி நுழைந்தது அந்த வழிதான். கோழிக்கூண்டுக்கு வாங்கிய கம்பி வலை கொல்லையில் மிச்சம் கிடந்தது. அதை அளவாக வெட்டி, அடியில் நாலு பக்கமும் கட்டினேன். அந்த வலை இருப்பதைச் சொன்னதும் அவள்தான்.

இப்போது பிளக்கைச் செருக வேண்டும். முதலில் ஒரே ஒரு துண்டைப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார் பாய். ஒரு தடித்த குளியல் துண்டை நனைத்து, அப்படியே டிரையரில் திணித்து மூடி, திருகைத் திருப்பினேன். தொட்டி சுற்றியது. சுற்றியதோடு நிற்காமல், டகடகவென்று அடித்துக்கொண்டு மிஷின் முழுசும் என் பக்கம் நடந்து வந்தது. இதையும் கெடுத்துவிட்டேன் என்று பயந்து மூடியைத் திறந்தேன். பாய் ஏதோ சொல்வதற்குள், அவள் என்னைத் தோளால் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். துண்டை எடுத்து, வட்டமாகச் சுருட்டி, தொட்டியைச் சுற்றிப் பரவலாகப் படிய வைத்து, உள்மூடியை இடது உள்ளங்கையால் அமுக்கி, மேல்மூடியைச் சாத்தி, திருகைத் திருப்பினாள். உர்ரென்று, பழைய அதே சத்தத்தோடு சுற்றியது. கீழே குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்தது. அவள் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுது மாப்ள, சத்தம் கேக்குது" என்றார் பாய். எப்படி நன்றி சொல்வது என்று தடுமாறினேன். அதற்கு அவர் சொன்னதை நான் மறக்க மாட்டேன். "இருவது வருஷம் ஊரான் வூட்டுத் துணியத் தொவச்சிக் காய வச்சேன். என் வூட்டுக்காரி துணிய ஒரு நாள் தொட்டதில்ல. இப்ப நாந்தான் தொவைக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ். வெக்கமா இருக்குன்னு அவளும் மொதல்ல அழுதா. போவப் போவ சரியாயிடும். நீங்க தங்கச்சிகிட்ட கத்தாதீங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினேன்.

அன்று மத்தியானம் அவள் சேர்த்து வைத்திருந்த துணியெல்லாம் டிரையரில் சுற்றியது. ஒவ்வொன்றாக இடது கையால் எடுத்து உள்கொடியில் போட்டாள். நான் உதவிக்குப் போகவில்லை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவள் தன் துணியைத் தானே காயப் போடுவதைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நான் செய்யக்கூடிய நல்ல காரியம் வேறு எதுவும் அப்போது இருக்கவில்லை.

அடுத்த வாரம் திருச்சிக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்தே போனோம். சிஸ்டர் அவள் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஆரம்பத்திலேயே வந்ததால் பரவாயில்லை என்றார். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் போடும் ஒரு இறுக்கமான உறை கொடுத்தார்கள். தினமும் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் சொல்லிக் கொடுத்தார்கள். வீக்கம் இறங்க நாலு மாதம் ஆனது. முழுசாக இறங்கவில்லை, மோதிரம் இப்போது இடது கையில்தான் இருக்கிறது. சர்வீஸ்காரர் கார்த்திகையில் ஒரு நாள் வந்து நின்றார். சரியாகிவிட்டது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன். அந்த கெபாசிட்டர் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக் காட்டுவாள். பொரிக்குச் சொல்லிக் காட்டாததற்கும் சேர்த்து அதற்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

போன வருட ஆயுத பூஜைக்கு நான் அடங்கிப் போயிருந்தேன். பொரியும் சுண்டலும் சாமி படத்துக்கு முன்னால், மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில். மிஷினுக்குச் சின்னதாக ஒரு பொட்டு மட்டும். ஆனால் திருப்புளிக்கும், பிளேடுக்கும், குவளைக்கும்கூட வைத்தேன். வண்டிக்கு வைத்தேன். அரிவாள்மனைக்கு வைத்தேன். கிண்ணத்தில் கொஞ்சம் சந்தனம் மிச்சம் இருந்தது. எதையாவது விட்டுவிட்டேனா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வலது கையிலிருந்த உறையைத் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவாக உருட்டிக் கழற்றினாள். பிறகு அந்தக் கையை என் முன்னால் நீட்டினாள்.

"இதுக்கும் ஒரு பொட்டு வெச்சுவுடுங்க" என்றாள்.

வைத்தேன். மணிக்கட்டில் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தேன். என் கண்ணிலிருந்து விழுந்ததை அவள் பார்த்தாள். இந்தத் தடவை மறைக்க என் கையில் மணி இல்லை. அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, பூஜையில் வைத்ததை மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாது, வேலை வாங்கக் கூடாது, சட்டம் சட்டம்தான் என்றேன். அவள் சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொட்டு வைத்த கை மடியில் இருந்தது. நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டும் ஒவ்வொரு தடவையும் அவள் எழப் பார்த்தாள், எழவில்லை. முப்பது வருடத்தில் அந்தக் கை சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன்.